வெண்டைச் செடியில் காய்த்த கத்தரிக்காய்

எங்கள் அடையாறு அடுக்ககத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் இன்று காலை ஒரு கத்தரிக்காய் வந்தது. மூன்றாம் மாடிக்காரர் போட்ட படம். தரமணியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துச் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர், பாவம், கைக்கு வேறு வேலையில்லை. காயை உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருந்தார். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குக் குழுவே கைதட்டியிருந்தது. ‘வசந்தகாலத் தோட்டம், முதல் அறுவடை’ என்று தலைப்பு வேறு. பங்குனி பிறந்தால் இந்த ஊர் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அதற்கு எந்த நாட்டில் ஐயா வசந்தம் என்று பெயர்?

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனவன் அவருடைய செடிப் பைகளையும் பார்த்துவைத்தேன். வேப்பம் புண்ணாக்கு வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், அரை டிராயர் போட்ட என் பழைய மேனேஜர் கண் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

அப்போது நான் நந்தனத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அந்தக் கம்பெனியே போய்ச் சேர்ந்துவிட்டது, பெயர் எதற்கு? மேனேஜருக்கு அடையாற்றில் பங்களா கொடுத்திருந்தார்கள், சுற்றிலும் காலி மண். ஏதோ பயிற்சிக்கென்று வெளிநாடு போன மனிதர், அங்கே வெள்ளைக்காரர்கள் மார்ச் மாதத்தில் தோட்டம் போடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது அவர் காதில் விழுந்ததில்லை. விழுந்தாலும் தமிழில் சொன்ன எதையும் அவர் நம்பமாட்டார். பங்குனியில் கத்தரியும் வெண்டையும் போட்டார். போட்டார் என்றால், நாங்கள் போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் ஆட்கள் ‘விருப்பப்பட்டு’ வந்து கொத்துவோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் இடம் காட்டுவார். அவர் நகத்தில் ஒரு நாளும் மண்ணைப் பார்த்ததில்லை. மறுநாள் ஆபீஸில், “மண்ணோட பேசணும்யா, அது பதில் சொல்லும்” என்பார். நாங்கள் தலையாட்டுவோம். சம்பளமே அதற்குத்தானே.

எங்களில் ஒருவன் மட்டும் நிஜமாகவே உயிரைக் கொடுத்து வேலை செய்தான். தனபால், என் பக்கத்து மேஜைக்காரன், மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன். அவனை வடக்கே ஒரு கிளைக்கு மாற்றும் உத்தரவு மேனேஜரின் மேஜை டிராயரில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் போகவேண்டியதுதான். தனபாலின் மனைவிக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை பிறந்ததும் தவறிப்போயிருந்தது.

“போன வாட்டி ஆடிட்டுக்கு வெளியூர் பூட்டேன் மச்சி. வந்து பாத்தா புள்ள இல்ல. இந்த வாட்டி நான் அவ பக்கத்துல இருக்கணும்” என்றான் ஒருநாள் களை பிடுங்கிக்கொண்டே.

சித்திரை வந்தது. வெண்டை வெறும் இலையாக வளர்ந்தது. கத்தரி ஊதாப் பூவாகப் பூத்தது, பூத்ததெல்லாம் வெயிலில் கருகி உதிர்ந்தது. ஒரு காய் இல்லை. தலைமை ஆபீஸ் பெரியவர் ஊருக்கு வருகிறார், ஞாயிறன்று பங்களாவில் சாப்பாடு என்று அந்தச் சமயத்தில்தான் தெரிந்தது. தொலைபேசியில் தன் தோட்டத்துப் பெருமையை மேனேஜர் அளந்து கொட்டியிருந்தார். தனபாலைக் கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழம எண்ணெய்க் கத்தரிக்கா. நம்ம தோட்டத்துக் காய். புரியுதா?” என்றார். டிராயரைத் திறந்து அந்த உத்தரவை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். தனபாலுக்குப் புரிந்தது.

ஞாயிறு விடியற்கருக்கலில் என் அறைக் கதவைத் தட்டினான். கையில் ஒரு பை நிறையக் காம்போடு கத்தரிக்காய், ஒரு பச்சை நூல்கண்டு.

“சின்னது பெருசு கலந்து வாங்கினு வந்துகீறேன். எல்லாம் ஒரே சைசுல இருந்தா டவுட் வந்துடும். நீ ஒரு பக்கம் கட்டு, நான் ஒரு பக்கம்.”

இதைவிட நல்ல தோட்டக்கலையை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பங்களா வாட்ச்மேன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாத்தி முழுக்கக் காய்த்துக் குலுங்கியது. ஒன்றைச் சொல்லவேண்டும். அதுவரை நான் கத்தரிக்காயைத் தட்டில்தான் அருகே பார்த்திருந்தேன். கொத்தச் சொன்ன இடத்தில் கொத்துவேனே ஒழிய, எது எந்தச் செடி என்று கேட்டதில்லை.

பெரியவர் வந்தார், சுற்றிப் பார்த்தார். ஒரு செடி அருகே நின்றார், குனிந்தார். “இது வெண்டைச் செடி அல்லவா?” என்று இங்கிலீஷில் கேட்டார். அதில் இரண்டு கத்தரிக்காய்கள் தொங்கின. என் கைவண்ணம்.

மேனேஜருக்குக் கண் இமைக்கவில்லை. “புது ஒட்டு ரகம், சார். நானே உருவாக்கியது” என்றார். நூல் முடிச்சைக் கட்டைவிரலால் மறைத்தபடி ஒரு காயைப் பறித்துக் கொடுத்தார். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விதை கிடைக்குமா என்று கேட்டாரே, அதுதான் விசேஷம். அவ்வளவு பெரிய கம்பெனியை இந்த மூளைகள்தான் நடத்தின.

சாப்பாடு முடிந்து கார் கிளம்பியதும் மேனேஜர் தனபாலைப் பார்த்துச் சொன்னார். “அடுத்த மாசம் புடலங்கா காய்க்கும்னு நெனைக்கிறேன்.”

“காய்க்கும் சார்” என்றான்.

தனபால் ஊரிலேயே இருந்தான். ஆனால் வடக்கே அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தாக வேண்டுமே. அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் அதே உத்தரவு தொங்கியது, பெயர் மட்டும் என்னுடையது. பொய் சொன்னவருக்குப் பாராட்டு, பொய்க்கு ஏற்பாடு செய்தவனுக்கு விலக்கு, அதைச் சரியாகச் செய்யத் தெரியாதவனுக்கு மாற்றல். நியாயம்தான்.

தனபாலிடம் கேட்டேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னான்.

“வெண்டச் செடியில கட்னது யார்னு மேனேஜரு கேட்டாரு. சொல்ட்டேன். நீ கல்யாணம் ஆவாதவன் மச்சி, எங்க போட்டாலும் இருந்துப்ப.”

உண்மைதான். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டானே, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பாஷை தெரியாத ஊரில் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது கார்டு போட்டிருந்தான், பெண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம் என்று. சந்தோஷப்பட்டேன். பதில் எழுதவில்லை.

நான் திரும்பி வந்தபோது பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தோட்டக்கலை நிபுணராகவே ஓய்வு பெற்று, அப்படியே காலமும் ஆனார். அந்த மண்ணுக்காகவோ அந்த மனிதருக்காகவோ நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். தனபாலின் பெண்ணுக்குப் பாலவாக்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. போனேன். மணமேடையில் அவள் நன்றாக இருந்தாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கோவமா கீறியா நைனா?” என்றான். “சேச்சே” என்றேன்.

அந்த நாட்களில் ஆபீஸ் விட்டதும் பஸ்ஸுக்கு நிற்காமல் நந்தனத்திலிருந்து மயிலாப்பூர் வரை பேசிக்கொண்டே நடப்போம், அவன் வீட்டு வாசலில் நின்றும் பேச்சு முடியாது. இப்போது அவன் இருப்பது பாலவாக்கத்தில், மகள் வீட்டில். அடையாற்றிலிருந்து ஒரே பஸ். நான் ஏறியதில்லை.