வாத்துக்காரிக்கு மூன்று ஓட்டு

15.6.2025 — பதினேழு.
22.6.2025 — பதினாறு.
29.6.2025 — பதினெட்டு.

மூன்று பகடைகளைச் சேர்த்து உருட்டினால் பதினெட்டுக்கு மேல் விழ வழியில்லை. பிரகதீஸ்வரி அவற்றை ஊசி டப்பாவில் போட்டு, காதருகே ஒரு குலுக்குக் குலுக்கி, மேசையைப் பார்க்காமலே கவிழ்ப்பார். விழுந்தது என்னவென்று எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அதற்குள் ஒரு பகடை தரைக்குப் போயிருக்கும். அதுவும் ஆறாகத்தான் இருக்கும்.

திருக்காட்டுப்பள்ளியில் அவருக்குத் தையல் கடை. ஞாயிறு பிற்பகல் ஜாஃபர் சாதிக்கின் கைப்பேசிக் கடை மாடியில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். ஜாஃபர் கதையை நடத்துவார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்போம். கதவு உடையுமா, காயம் ஆறுமா என்பதைப் பகடை சொல்லும். யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று குறித்து வைப்பது என் வேலை. கூட்டுறவு சங்கத்தில் முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதிய கை. பிரகதீஸ்வரி எதையும் எழுதுவதில்லை. அளவு நாடா கழுத்தில் தொங்க, என்னிடம் கேட்பார்: "சார், நான் இன்னும் உசுரோட இருக்கனா?"

இருப்பார். எப்போதும்.

ஜூன் மாதம் இந்த விளையாட்டைத் தயாரிப்பவர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். அடுத்து வரும் விரிவாக்கப் புத்தகத்தில் என்ன புதுப் பாத்திரம் வேண்டும் என்று ரசிகர்கள் சொல்லலாம். ஒரு குழுவுக்கு ஒன்று; தபாலில்தான் அனுப்ப வேண்டும். தேர்வானால், யோசனை சொன்னவரின் பெயர் அச்சில் வரும். அது என் பெயராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். 'கணக்கர்' என்ற பாத்திரத்தைப் பதினொரு பக்கத்தில், அட்டவணைகளோடு எழுதி, 29ஆம் தேதி வாசித்தேன். ஏழாம் பக்கம் வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் பிரகதீஸ்வரி வந்து சேர்ந்தார்.

"வாத்து மறிச்சிருச்சு சார். ஆயிரம் இருக்கும். கோடை நெல்லு அறுத்த வயலுக்கு ஓட்டிட்டுப் போறாங்க. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சா அதுங்க அவனத் திட்டுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் எட்டாம் பக்கம் அந்தச் சிரிப்பில் போயிற்று.

நான் முடித்ததும், மற்ற ஊர் ரசிகர்கள் இணையத்தில் கேட்டிருப்பதை ஜாஃபர் படித்தார்: பறக்கும் வீரன், இரட்டை வாள்காரன், புலியாக மாறும் மந்திரவாதி. "உங்களுக்கு என்னக்கா வேணும்?"

பிரகதீஸ்வரி எதையும் தயாரித்து வரவில்லை.

"எல்லாரும் சண்டை போடுற ஆளையே கேக்குறாங்க தம்பி. சண்டை முடிஞ்சப்பறம் வர்ற ஆளு யாரு இருக்கா? ஒரு வாத்துக்காரி வேணும். அறுத்து முடிச்ச வயல்லதான வாத்து எறங்கும்? நாம பாக்காம விட்டதெல்லாம் அது கண்டுபிடிச்சிரும்."

"சண்டையில அவ என்னக்கா செய்வா?"

"ஒண்ணும் செய்ய மாட்டா. வரப்புல நிப்பா. வயக்காரங்க சம்மதிக்காம உள்ள எறங்கவும் முடியாது. எதிரியோட எடம்னா அவங்கிட்டயே போய்க் கேக்கணும்."

"அவன் மாட்டேன்னா?"

"பேசணும். காலைல நாலு முட்டை தர்றேங்கணும்."

ஜாஃபர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். கதை பிடித்துப்போனால் மட்டும்தான் அப்படிச் செய்வார். நான் வாசித்தபோது அது நிமிர்ந்தே இருந்தது.

ஓட்டெடுத்தோம். வாத்துக்காரிக்கு மூன்று, கணக்கருக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று நான் போட்டது. மற்றது பிரகதீஸ்வரி போட்டது. "பதினோரு பக்கம் எழுதியிருக்காரு, பாவம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தோற்றதைவிட அந்த ஓட்டுதான் இன்னும் உறுத்துகிறது.

கையெழுத்து நன்றாக இருப்பதால் எழுதி அனுப்பும் வேலை எனக்கே வந்தது. அவர் சொன்னது முக்கால் பக்கம்கூட வரவில்லை. அனுப்புநர் என்ற இடத்தில் என் முகவரி; யோசனை என்ற இடத்தில் அவர் பெயர்.

ஆகவே முடிவைச் சொல்லும் கடிதமும் என் வீட்டுக்கே வந்தது. பிரித்துப் படித்தேன். மறுநாள் ஞாயிறு, கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வரி பார்த்தார். "எடுத்துக்கிட்டாங்களாம் சார். எம் பேரு போடுவாங்களாம்" என்றார், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தாயிற்று என்று சொல்கிற குரலில். ஜாஃபர் முழுவதையும் வாசிக்கச் சொன்னார்.

"அப்பறம் வாசிக்கலாம், ஆட்டத்த ஆரம்பிங்க தம்பி."

கடிதத்தை இரண்டாக மடித்து, பகடை தரைக்குப் போகாமலிருக்க மேசை விளிம்பில் கூடாரம்போல் நிறுத்தினார். டப்பாவைக் குலுக்கிக் கவிழ்த்தார். மூன்றும் உருண்டு கடிதத்தில் முட்டி நின்றன, அது வந்த அன்றே அதன் ஓரத்தில் நான் குறித்து வைத்திருந்த தேதிக்கு நேர் கீழே: 9.8.2025.