குறைப் புத்தகத்தில் எழுதாத வரி

பஸ் டிப்போவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைம்கீப்பர் வேலை, அதனால் டைம் அக்கா. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, யார் ஓட்டினார் என்பதையெல்லாம் வாசலோரக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. வண்டி ரெண்டு நிமிஷம் தாமதமானால் டிரைவரை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள்.

வருஷத்தில் மூன்று நாள் அவளுக்கு வேறு ஒரு வேலையும் உண்டு. இளைஞர் நாடக விழா. ஊர்ப் பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே நடிப்பார்கள். ஒரு மழைக்கு டிப்போவில் ஒதுங்கிய நாலு பேர் வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் டிரைவர்களின் ஓய்வறையை அவர்களுக்குத் திறந்துவிட்டாள். அப்படி ஆரம்பித்ததுதான். இப்போது நகராட்சி மன்றத்தில் எட்டுக் குழுக்கள் ஆடுகின்றன. சலூன் வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர்தான் எல்லோருக்கும் ஒப்பனை. ராஜாவானாலும் திருடனானாலும் அவர் கையில் ஒரே மீசைதான் வரும் என்று பிள்ளைகள் கிண்டலடிப்பார்கள். அவரும் சளைக்காமல் அதே மீசையை வரைவார்.

பதினோராவது விழாவுக்கு ரெண்டு வாரம் இருந்தபோது ஒரு பெண் கூண்டுக்கு வந்து ஒரு கட்டுத் தாளை நீட்டினாள். பத்தொன்பது வயது. அப்பா இதே டிப்போவில் டிரைவராக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டியைச் சந்தைக் கூட்டத்தின் மேல் விடாமல் ஒரு கிடங்குச் சுவரில் கொண்டுபோய் மோதினார். பயணிகள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவர் தப்பவில்லை. வண்டியில் குறை இருந்தும் டிரைவர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. அந்த ஒரு வரி அந்த வீட்டின் மேல் கல்லாக விழுந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷன்’ என்றுதான் போனார்கள்.

தாளில் இருந்தது அந்த நாளைப் பற்றிய நாடகம்தான். நடுவில் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“அத்தை, அன்னைக்குக் காலையில அப்பா கடைசியா பேசினது உங்ககிட்டதான். என்ன பேசினாருன்னு சொன்னா இந்த இடத்தை எழுதிடுவேன்” என்றாள் பெண்.

டைம் அக்கா நோட்டைப் புரட்டினாள். வண்டி வருகிற நேரம், அப்புறம் சொல்கிறேன் என்று மென்று முழுங்கினாள். மறுநாளும் பெண் வந்தாள். தலைவலி என்றாள் டைம் அக்கா. அதற்கடுத்த நாள் கூண்டுக்குள் குனிந்து, எதையோ தேடுவதுபோல் ரொம்ப நேரம் தேடினாள்.

அவர் பேசியது அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது. அன்று காலை ரெண்டு வண்டி வரவில்லை, வாசலில் ஜனம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கூண்டில் கையை ஊன்றி, “தங்கச்சி, பிரேக் கொஞ்சம் இறங்குது. குறைப் புத்தகத்துல எழுதிக்க, வேற வண்டி குடு” என்றார். வேறு வண்டி இல்லை. இந்த ஒரு நடை மட்டும் போய்விட்டு வந்துவிடுங்கள் அண்ணே, வந்ததும் ஷெட்டில் விட்டுவிடலாம் என்றாள் அவள். புத்தகத்தில் எழுதினால் வண்டியை வெளியே விடக் கூடாது, அதனால் எழுதவில்லை. அவர் ஒரு நொடி நின்றார். பிறகு ஏறிப் போனார். விசாரணையில், டிரைவர் ஏதாவது குறை சொன்னாரா என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

நாடக விஷயம் டிப்போ மேனேஜர் காதுக்கும் எட்டியது. அவர் அவளைக் கூப்பிட்டு, பழைய புண்ணை எதற்குக் கிளற வேண்டும், விழா உங்கள் கையில்தானே இருக்கிறது, நேரம் இல்லை என்று சொல்லித் தட்டிவிடுங்கள் என்றார். தட்டிவிடுவது சுலபம்தான். அதைத்தான் அவளும் பத்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நிகழ்ச்சி நிரலில் அந்த நாடகத்தை அடிக்கப் பேனாவை எடுத்தபோதெல்லாம் கை ஓடவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அந்த நாடகம். ரெண்டு மணிக்கு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் கடைசி ஒத்திகை. அவள் ஓரத்தில் நின்று பார்த்தாள். பதில் கிடைக்காத பக்கத்தைப் பெண் தானே எழுதி நிரப்பியிருந்தாள். மேடையில் டைம்கீப்பராக நடித்தவள் கூண்டைவிட்டு ஓடி வந்து, டிரைவரின் கையைப் பிடித்து, இந்த வண்டியை எடுக்காதீங்க அண்ணே என்று கெஞ்சினாள். டிரைவர் கையை உதறிவிட்டு, நான் பார்த்துக்கறேன் தங்கச்சி என்று ஏறினார்.

ஓரத்தில் நின்றவள் மேடையை நோக்கி நடந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த டைம் அக்கா அப்படித்தான் செய்திருப்பாள். அவளை நல்லவளாக்குவதற்காக அந்தப் பெண் தன் அப்பா மேலேயே பழியைப் போட்டுவிட்டாள்.

“நிறுத்துங்க” என்றாள். சத்தமாக வரவில்லை. இன்னொரு தரம் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள்.

மேடைக்குக் கீழே நின்றபடியே சொன்னாள். பிரேக் இறங்குகிறது என்று அவர் சொன்னதை, எழுதச் சொன்னதை, தான் எழுதாததை, விசாரணையில் சொன்ன பொய்யை. ஒப்பனைப் பெட்டியோடு உள்ளே வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். டைம்கீப்பராக நடித்தவள் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றினாள்.

பெண் தாள் கட்டை மூடிவைத்தாள்.

“ஏன் சொல்லல?” என்றாள்.

“பயம்.”

“எங்கம்மா மூணு வருஷமா பஸ்ஸுல ஏறல. டிப்போக்காரங்க மூஞ்சியைப் பாக்கணுமேன்னு எங்க போனாலும் நடந்துதான் போறாங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?”

தெரியும். கூண்டிலிருந்து பல தடவை பார்த்திருக்கிறாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. அப்புறம் நாடகம் முடியற வரைக்கும் நீங்க இங்க இருக்கணும். வீட்டுக்குப் போயிடக் கூடாது.”

அத்தை என்று சொல்லவில்லை. அவளுக்கு அது காதில் விழுந்தது.

விழாவுக்கு வைத்திருந்த வெள்ளைத் தாளில், ஒப்பனை மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினாள். வீட்டுக்காரர் பவுடர் டப்பாக்களை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். “தூக்கத்துல பல்லைக் கடிச்சிக்கிட்டே கிடப்பியே, இதானா?” என்று மட்டும் கேட்டார். அவள் எழுதிக்கொண்டே போனாள். எழுதியதைப் பெண் ரெண்டு முறை படித்தாள். பிறகு நடிப்பவளை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் புது வசனத்தைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. நடிப்பவள் திரும்பத் திரும்பத் தடுமாறினாள். பெண் கோபப்படாமல் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்கு மன்றம் நிறைந்துவிட்டது. டிப்போ ஆட்கள் ரெண்டு வரிசை, நடுவில் மேனேஜர். நாலாவது வரிசை ஓரத்தில் பெண்ணின் அம்மா. பக்கவாட்டுத் திரைக்கு அருகில் நின்ற டைம் அக்கா யாரையும் பார்க்காமல் மேடையையே பார்த்தாள்.

அந்த இடம் வந்தது. பிரேக் இறங்குது, எழுதிக்க என்றார் மேடை டிரைவர். இந்த ஒரு நடை மட்டும் என்றாள் மேடை டைம்கீப்பர். அவர் ஒரு நொடி நின்றுவிட்டு ஏறிப் போனார். டிப்போ வரிசையில் ஒருவர் எழுந்தார், மேனேஜர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ஒவ்வொரு தலையாக டைம் அக்கா பக்கம் திரும்பியது. அம்மா திரும்பவில்லை. இரண்டு கையாலும் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். விளக்குப் போட்ட பிறகும் அந்தப் பிடியை விடவில்லை. மகள் வந்துதான் விரல்களைப் பிரித்துக் கூட்டிப்போனாள். டைம் அக்காவைத் தாண்டித்தான் ரெண்டு பேரும் போனார்கள்.

திங்கட்கிழமை காலை டைம் அக்கா மேனேஜர் மேசையில் தாளின் இன்னொரு பிரதியை வைத்தாள். நாடகத்தில் வந்தது கற்பனை என்று சொல்லிவிடலாம், இன்னொரு முறை யோசியுங்கள் என்றார் அவர். அவள் உட்காரவில்லை, தாளைத் திரும்ப எடுக்கவும் இல்லை. நாலு மாதம் தற்காலிக வேலை நீக்கம், மறு விசாரணை. டிரைவர் குறையை வாய்மொழியாகத் தெரிவித்தார், பதிவு செய்யப்படவில்லை என்று அறிக்கையைத் திருத்தினார்கள். ஒரு வரிதான். ஆனால் அந்த அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டாள். கூண்டு வேறொருவருக்குப் போனது. அவளைப் பின்கட்டில் டிக்கெட் கட்டு எண்ணுகிற வேலையில் போட்டார்கள். பழைய டிரைவர்களில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

விழாவிலிருந்தும் விலகிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது, பிள்ளைகள் கூடி ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். இருக்கட்டும், பொறுப்பில் வேண்டாம் என்று முடிவானது. நாற்காலி போடவும் துடைக்கவும் போனாள்.

அடுத்த வருஷம் பெண் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் வந்தாள், விழாவை நடத்துகிறவர்களில் ஒருத்தியாக. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வேலை விஷயம் மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த வருஷம் முதல் நாள் காலையில், நீள பெஞ்சைத் தூக்க ஆளில்லாமல் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். பெண் முன்னால், இவள் பின்னால். வாசலைத் தாண்டும்போது பெண் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“படி இருக்கு. பாத்து வாங்க.”