வட்டத்தில் நான்கு வயல்

டெரிக் ஆல்டர்சனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த மனுஷனை நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இருபது வருஷம் சனிக்கிழமை தவறாமல் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தவள் நான், அந்த உரிமை எனக்கு உண்டு.

கார்ஸ்பெக் ஸ்டேஷன் நடைமேடையில் டீக்கடை என்னுடையது. ஒன்பதே முக்கால் ரயிலில் இறங்குவார். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு டீ. குடித்துவிட்டு, சிக்னல் அறைக்குப் பின்னாலிருக்கும் படியேறி, ஓடைப் பாலம் தாண்டி, ஹார் மலைமேல் ஏறிவிடுவார். உச்சியில் கற்சுவரோரமாக நடந்து, அந்தப் பக்கம் மேவிஸ் பண்ணை வழியாக இறங்கி, சர்ச்சைச் சுற்றிக்கொண்டு மூணு பத்து ரயிலுக்கு இங்கேயே திரும்ப வந்து நிற்பார். மழையா பனியா, அதெல்லாம் அவருக்குக் கிடையாது.

"ஏம்ப்பா, போன வழியே திரும்பி வந்தா கால் தேஞ்சா போயிடும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முப்பது வருஷம் ரயில்ல கார்டு வேலை பார்த்தேன், பிரெண்டா. போன தண்டவாளத்துலயே திரும்பித் திரும்பி வந்தேன். கல்யாணமும் அப்படித்தான், போன வேகத்துல திரும்பி வந்துட்டேன். நடக்கறதையாவது வட்டமா நடந்துட்டுப் போறேனே."

அதுதான் அவர் என்னிடம் சொன்ன சொந்தக் கதை முழுவதும். வீட்டில் யாரும் இல்லை.

வட்டத்துக்கு ஒரு குறை இருந்தது. உச்சிச் சுவரிலிருந்து பண்ணை முற்றம் வரைக்கும் நான்கு வயல், அரசாங்க வரைபடத்தில் அங்கே பாதை என்று ஒரு கோடுகூடக் கிடையாது. எந்தக் காலத்திலோ எழுதாமல் விட்டுவிட்டார்கள். யாராவது கதவைச் சாத்தினால் வட்டம் அறுந்தது. அதை மீட்கச் சட்டத்தில் ஒரே வழிதான். ஜனங்கள் இருபது வருஷம் விடாமல் அந்த வழியே நடந்திருக்க வேண்டும். ஒளிந்தும் நடக்கக் கூடாது, வம்பு பண்ணியும் நடக்கக் கூடாது. முக்கியமாக, நிலத்துக்காரர் அனுமதி கொடுத்து நடந்திருக்கவே கூடாது. "தாராளமா போங்க" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லிவிட்டால், அது தயவு ஆகிவிடும், உரிமை ஆகாது.

கோடைக்காலத்தில் இன்னும் பத்துப் பேர் நடப்பார்கள். வருஷம் பூராவும் நடந்தவர் டெரிக் ஒருத்தர்தான்.

பண்ணைக்காரி மேவிஸ் புருஷனை இழந்தவள். ஆடுகள், ஒரு கிழட்டு நாய், அவ்வளவுதான் அவள் உலகம். ஆரம்பத்தில் டெரிக் முற்றத்தைக் கடக்கும்போது ஜன்னலிலிருந்து கையைத் தூக்குவாளாம். இவர் உடனே குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவாராம்.

"கட்டின நாடாவை எத்தனை தடவைய்யா கட்டுவே? ஒரு குட் மார்னிங் சொன்னா வாய் முத்து உதிர்ந்துடுமா?"

"அந்தம்மா ஜன்னலைத் திறந்து 'வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டா? என் பாதை போச்சு, பிரெண்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மேவிஸ் கடைகண்ணிக்குப் போக ரயிலுக்கு வந்து நின்றபோது, என் ஓட்டை வாய் சும்மா இருந்ததா? எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துக் கொட்டினேன். "நீங்க 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவர் பாதை காலி!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள், "அப்படியா" என்றாள், அவ்வளவுதான். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை டெரிக் திரும்பி வந்து, "இன்னிக்கு அந்தம்மா கையைத் தூக்கல. என்னைப் பார்த்ததும் உள்ளே போயிட்டாங்க" என்றார். அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் தூக்கவில்லை. "அவங்களுக்கு என்னைப் பிடிக்கலை போல" என்பார். நல்லதுதானே என்று சொல்லிக்கொள்வார், முகம் மட்டும் தொங்கிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திறப்பேன்?

ஒரே ஒரு தடவை மேவிஸ் அவரைப் பற்றிக் கேட்டாள். "அந்தச் சனிக்கிழமைக்காரர் டீயில சர்க்கரை போட்டுப்பாரா?"

"ரெண்டு," என்றேன். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்தோராவது வருஷம் மேவிஸ் செத்துப்போனாள். பண்ணை அவள் அண்ணன் மகன் காலினுக்குப் போனது. அவன் முதல் வேலையாகக் கதவுக்குச் சங்கிலி போட்டான். டெரிக் மனு போட்டார். அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து ஊர் மண்டபத்தில் விசாரித்தாள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

காலின் மோசமானவன் இல்லை. "எங்க அத்தை நல்ல மனசுக்காரங்க. பாவம்னு இவரை நடக்க விட்டாங்க. அப்போ அது அனுமதிதானே? அவங்க டைரியே சாட்சி" என்று ஒரு கட்டு டைரியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஆட்டுக்குட்டி, மழை, கம்பளி என்று எழுதும் பண்ணை டைரிகள். டெரிக் பெஞ்சின் ஓரத்தில் தொப்பியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குறித்துவைத்த பக்கங்களைச் சத்தமாகப் படித்தாள்.

"கறுப்பு ஆட்டுக்கு இரட்டைக் குட்டி. சனிக்கிழமைக்காரர் பன்னிரண்டு இருபதுக்குப் போனார்."

"பனி. இன்று வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார்."

"நான் ஒரு வார்த்தை பேசினால் அவருக்குப் பாதை இல்லையாம், பிரெண்டா சொன்னாள். இனிமேல் கையைத் தூக்கக் கூடாது."

மண்டபத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தரை பிளந்து உள்ளே போயிருந்தால் தேவலை.

"ஆலங்கட்டி மழை. கொட்டகைச் சுவரோரம் முக்கால் மணி நேரம் நின்றார். ரெண்டு சர்க்கரையாம். தண்ணீர் கொதித்து ஆறி, மறுபடி கொதித்தது. கூப்பிடவில்லை."

அந்த அம்மாள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"இன்றோடு அவருக்குப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் இரண்டு. அதற்கப்புறம் பேசலாம்."

அந்த இரண்டு முடிவதற்குள் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டெரிக்குக்குத் தெரியாது. ஜன்னல் திரை மூடியிருந்ததை, தன்மேல் வெறுப்பு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் அந்த முட்டாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே, அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

"அனுமதி கொடுக்கலைங்கறது தெளிவா இருக்கு" என்று அந்த அம்மாள் டைரியை மூடினாள். காலின் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து வந்து டெரிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஜெயித்தவர் முகத்தில் ஈயாடவில்லை. ரயில் வரும் வரைக்கும் என் கடை முன்னால் நின்றார்.

வசந்தம் பிறந்ததும் நான்கு வயலிலும் பொதுப் பாதை என்று காட்ட மஞ்சள் அம்புக்குறி போட்ட கம்பம் நட்டார்கள். அந்தச் சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இறங்கினார். ஷூ நாடா அவிழ்ந்து கிடந்தது, கட்டவில்லை.

"ரெண்டு டீ குடு, பிரெண்டா. மூடி போட்டு. முற்றத்துல உக்காந்து குடிக்கப் போறேன்."

முதல் கோப்பையில் வழக்கம்போல ரெண்டு ஸ்பூன் போட்டுவிட்டு, ரெண்டாவதில் ஸ்பூனைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன்.

"மேவிஸுக்கு எத்தனை ஸ்பூன்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைக்கும் செவ்வாய்க்கிழமைதோறும் என் கடைக்கு நேர் எதிரே நின்றவள் அவள். பிளாஸ்கில் வீட்டு டீயைக் கொண்டுவந்து குடிப்பாள். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"தெரியலைப்பா" என்றேன்.

அவர் ரெண்டாவது கோப்பையை அப்படியே, சர்க்கரை போடாமல் வாங்கிக்கொண்டு படியேறிப் போனார்.