சுக்கு தின்ற கோழியெலும்பு

அரபிக்கடல் இன்றுவரை மட்டாஞ்சேரிக்குள் ஏறி வராததற்கு ஒரே காரணம் இசக்கிசெல்வி. வந்தால் ஈர்க்குமாறால் கூட்டித் தள்ளிவிடுவாள் என்று அதற்குத் தெரியும். மாநகராட்சிக்காகப் பதினெட்டு வருடமாகத் தெரு பெருக்குகிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும், காலில் படுகிற குப்பையை வைத்தே இது எந்தக் கடை வாசல் என்று சொல்லிவிடுவாள். அதில் பக்கத்து வீட்டு வீரபாண்டிக்குச் சந்தேகமே கிடையாது. அவன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன்.

அவளுடைய நாய் சுக்கு. விடிகாலையில் அவள் வேலைக்குக் கிளம்பினால் அது முன்னால் நடக்கும்.

2003இல் ஒரு ஞாயிறு மதியம். கல்யாண மண்டபத்தில் பிரியாணி. வீரபாண்டி தன் பழைய பள்ளிக்கூட டையைச் சுக்குவின் கழுத்தில் கட்டி, ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று தெருவையே சிரிக்கவைத்தான். எல்லாரும் கலைந்த பிறகு, அத்தனை நேரம் அசையாமல் நின்றதற்குச் சம்பளமாகக் கோழிக்கால் எலும்பு மூன்று போட்டான். சுக்கு மடமடவென்று கடித்து விழுங்கியது. நாய்க்கு எலும்பு நல்லது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அரை மணி நேரம் ஆகவில்லை. சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடியது, முகத்தைத் தரையில் போட்டுத் தேய்த்தது. ஆட்டோ ஓட்டும் அனீஷ், வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரோடு ஓடிவந்தான். இசக்கிசெல்வி முழங்கையாலேயே அவனைத் தடுத்தாள்.

“உள்ள போன சில்லு திரும்பி வர்றப்போ தொண்டையக் கிழிச்சுப் போடும். அத அங்க வச்சிட்டுப் போ அனீஷே.”

நாயின் வாயைப் பிளந்து பார்த்தாள். மேல் பற்களுக்கு நடுவே குறுக்காக ஒரு துண்டு தெரிந்தது. இரண்டு விரலால் மெல்ல எடுத்தாள். வெந்த கோழியெலும்பு, ஊசி மாதிரி உடைந்திருந்தது. யார் போட்டது என்று கேட்டாள். வீரபாண்டி தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

டெலிபோன் பூத்திலிருந்து மிருக ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். அவள் செய்ததுதான் சரி என்றார் டாக்டர். குழைந்த சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும், மூன்று நாள் கவனிக்கணும். வாந்தி, வயிற்று இறுக்கம், மலத்தில் ரத்தம், முக்கியும் போகாமல் இருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வரணும் என்றார். எத்தனை எலும்பு என்றும் கேட்டார். பார்த்தவங்க யாரும் இல்ல சார் என்றாள். வீரபாண்டி பக்கத்தில்தான் நின்றான்.

மறுநாள் அவள் லீவு போடவில்லை. தரையைப் பார்ப்பதுதானே அவள் வேலை. இப்போது சுக்குவின் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனாள். ஒன்பது மணிக்கு முன்னால் சூரியனையே பார்த்திராத வீரபாண்டி, சாயா குடிக்க வந்தேன் என்று அஞ்சரைக்கே அவளோடு சேர்ந்துகொண்டான். அன்று சுக்கு வெளிக்குப் போக உட்காரவே இல்லை. வயிறு இறுகவில்லை, சோறும் தின்றது. ஆனாலும் வீரபாண்டி சாயாக்கடைப் பக்கமே போகவில்லை.

இரண்டாம் நாள் மிளகுக் கிடங்கு வாசலில் சுக்கு உட்கார்ந்தது. இசக்கிசெல்வி ஓர் ஈர்க்கை உருவிக் கிளறினாள். மாவு மாதிரி வெள்ளை எலும்புத் துகள். ரத்தம் இல்லை. வீரபாண்டி மூக்கைக்கூடப் பொத்தாமல் பக்கத்தில் குனிந்திருந்தான்.

“ஒரு எலும்புதானே, வந்தாச்சு,” என்று நிமிர்ந்தாள். “இனி நோக்க வேண்டா. இன்னிக்கு மீன்தலை போட்டுரலாம்.”

“வேண்டாங்க்கா. ஒண்ணு இல்ல, மூணு. நாளைக்கும் பாக்கணும்.”

அவள் ஈர்க்கைக் குப்பை வண்டியில் எறிந்தாள்.

“நாளைக்கும் பாக்கத்தான்டா போறேன். டாக்டர் சொன்னது எனக்கு மறக்கல. மூணுன்னு எண்ணிப் போட்டது யாரு, அதச் சொல்லு.”