தலைக்குக் கரண்டு வைத்த மாதம்

என் மனைவி முதலில் பேச்சை நிறுத்தினாள். பிறகு சாப்பாட்டை நிறுத்தினாள். காரணம் என்று ஒன்றும் இல்லை. வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாயில் சோறு வைத்தால் வைத்தபடி இருக்கும்.

கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதற்குக் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் மலாய்க்காரப் பெண். அவர் சொன்னதைத் தமிழ் நர்ஸ் ஒருத்தி, நாங்கள் மிஸ்ஸி என்போம், எனக்குச் சொன்னாள்.

"மயக்க மருந்து குடுத்துத் தூங்க வச்சிருவாங்க, அண்ணே. தலையில கொஞ்சமா கரண்டு விடுவாங்க. வலி தெரியாது. ஞாபகம் கொஞ்சம் போகலாம். சிலது திரும்பி வரும், சிலது வராது."

நான் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் வெட்டுகிறவன். எங்கள் கையில் இருப்பது நீளமான அலுமினியக் கழி. என்னோடு வெட்டினவன் ஒருவன் குலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கழியைக் கரண்டுக் கம்பியில் வைத்துவிட்டான். அவன் மேல் துணி போட்டது நான்தான். கரண்டு என்றால் எனக்கு அதுதான்.

"வேணாம்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"இப்படியே விட்டா அக்கா தாங்க மாட்டாங்க."

கையெழுத்துப் போட்டேன்.

கரண்டு வைக்கிற நாள் காலையில் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்றார்கள். சபாக்கிலிருந்து மனைவியின் அக்கா வந்து துணைக்கு இருந்தார்.

"ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று அவரிடம் கேட்டாள் மிஸ்ஸி.

"பச்சத் தண்ணிகூடக் குடுக்கல."

என் மனைவியின் உதட்டோரம் வெள்ளையாக இருந்தது. மிஸ்ஸி குனிந்து பார்த்தாள்.

"அப்ப இது என்னக்கா?"

"கோயில் பால். அபிஷேகம் பண்ணது. அது சாப்பாடு இல்லலா."

"சாமி பாலும் வயித்துக்குத்தான போகுது! மயக்கத்துல வாந்தி வந்தா நெஞ்சுக்குள்ள போயிரும். இனி சாமியே வந்து சொன்னாலும் டாக்டர் இன்னைக்கு விட மாட்டாங்க."

அன்றைக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அக்கா அழுதார். எங்கள் ஆட்கள் யாரும் பிரசாதத்தைச் சாப்பாடு என்று நினைத்ததில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

"முழுங்குனாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு வாய். மிச்சம் வழிஞ்சிருச்சு."

பிறகு வேறொரு நாள் கரண்டு வைத்தார்கள். கதவை மூடினார்கள். நான் வெளியே நின்றேன். அதற்குப் பிறகும் பல தடவை கொண்டுபோனார்கள். ஒரு நாள் தண்ணீர் கேட்டாள். இன்னொரு நாள் கஞ்சியைப் பார்த்து, "ஊறுகா இல்லையா?" என்றாள். நான் மாடிப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறாள். சமைக்கிறாள். என்னைத் திட்டுகிறாள். ஆனால் படுக்கையில் விழுவதற்கு முந்தின மாதங்கள் அவள் ஞாபகத்தில் இல்லை. எங்கள் மகள் கல்யாணம் அந்த மாதங்களில்தான் நடந்தது. வரும், வரும் என்று பார்த்தோம். வரவில்லை.

கல்யாணப் படங்களை எடுத்து வைத்துப் பார்ப்பாள். ஒரு படத்தில் இவள் மகள் காதில் ஏதோ சொல்கிறாள்.

"என்னங்க சொன்னேன்?"

"தெரியலையே. நான் பந்தியில நின்னேன்."

பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். போனை வைத்தாள்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கேன்," என்றாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

நான் படங்களை எடுத்து உள்ளே வைத்தேன். அவள் அரிசி களையப் போனாள்.