பட்டினி கிடந்தும் ஏறிய சர்க்கரை

நான்கு வருஷத்துக்கு முன்பு, மழை விட்ட ஒரு மார்கழி மாதம் அது. பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது என் பிழைப்பு. பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலைப் பறி ஒன்றைப் பல்லில் கடித்திருப்போம். அதனால் தண்ணீரில் பேச்சு கிடையாது. எனக்கு வீட்டிலும் பேச்சு கிடையாது. கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் வேலை கிடைத்து, மனைவியோடு ஓசூர் பக்கம் போய்விட்டான்.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள மகன் ஒரு மிஷின் வாங்கித் தந்திருந்தான். படுக்கும்போது ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்துப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். அந்த மார்கழியில் கணக்கு தப்ப ஆரம்பித்தது. படுக்கும்போது நூற்று அறுபது இருக்கும், காலையில் இருநூற்று நாற்பது. மறுநாள் இருநூற்று எழுபது. மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை.

ஊருக்கு வரும் நர்சம்மா, ராத்திரியில் பலகாரம் ஏதும் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மகனிடம் போனில் சொன்னேன்.

"நைட்டு இன்னாம்மா துன்ற? உண்மைய சொல்லு" என்றான்.

அன்றிலிருந்து ராத்திரிச் சோற்றை விட்டேன். மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் இருநூற்று எண்பது. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து போய், எனக்கே தெரியாமல் தின்கிறேனோ? கூட ஒருத்தர் படுத்திருந்தால் கேட்கலாம். யாரைக் கேட்பது? சோற்றுப் பானையையும் வெல்ல டப்பாவையும் ஒரு துணியில் சேர்த்துக் கட்டி, வலைக்குப் போடும் முடிச்சாகப் போட்டு வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் யாராலும் அதை அவிழ்க்க முடியாது. விடிந்ததும் முதலில் முடிச்சைத்தான் பார்த்தேன். போட்டது போட்டபடியே இருந்தது. மிஷினில் முந்நூற்றுப் பத்து.

உடம்பு வேறு சோர்ந்து கிடந்தது, சாயங்காலமானால் லேசாகக் குளிர் எடுத்தது. அன்று ஏரிக்குப் போகாமல், காலண்டர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பொன்னேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் வயதுக்குக் கொஞ்சம் சின்னவள், துடைப்பதை நிறுத்திவிட்டு வாசலிலிருந்து என் பெஞ்சுவரை தரையைப் பார்த்தாள். ஈரத் தரையில் ஒரு காலடி விட்டு ஒரு காலடியில் மங்கலான கறை இருந்தது. அழுக்கு பண்ணிவிட்டேன் என்று திட்டப் போகிறாள் என நினைத்து எழுந்தேன்.

"உக்காருக்கா. கால காட்டு" என்றாள்.

தரையில் உட்கார்ந்து, என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. என் காலை இன்னொருவர் கையில் எடுத்து எத்தனையோ வருஷம்.

"அடிப்பாதத்துல இவ்ளோ பெரிய ஓட்ட கீது. வலிக்கலியா?"

"இல்லியே."

"வூட்ல யாரும் பாக்கலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் எழுந்து, வரிசையைத் தாண்டி என்னைக் கைத்தாங்கலாக நேரே டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

புண்ணைக் கீறி சீழை வடித்தபோது உள்ளே நகக்கண் அளவு சிப்பி ஓட்டுத் துண்டு ஒன்று வந்தது. ஏரியில் எப்போதோ குத்தியிருக்கிறது. சர்க்கரையால் என் பாதம் மரத்துப்போய் அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. துணி சுற்றிக்கொண்டு நடப்பது போலத்தான் எப்போதும் இருக்கும். அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

காலண்டர் தாளைப் பார்த்து, பானையை முடிச்சுப் போட்டு வைத்த கதையையும் கேட்ட டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். உடம்பில் எங்காவது சீழ் பிடித்தால் அதை எதிர்க்க உடம்பே தன்னிடம் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். விடிகாலையில் சாதாரணமாகவே கல்லீரல் கொஞ்சம் சர்க்கரையை விடும், இந்தப் புண்ணும் சேர்ந்ததால் பட்டினி கிடந்தும் ஏறியிருக்கிறது என்றார். "நீங்க எதையும் திருடித் தின்னலம்மா" என்று அவர் சொன்னபோது, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்குமாம்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இன்சுலின் போட்டார்கள். மகன் ஓடிவந்து, கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். நான்கு நாளில் அவன் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் தண்ணீரில் இறங்கினேன், அதுவும் காலை மூடும் ரப்பர் செருப்போடு. முதல் நாள் பிடித்த இறாலை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். பெயரைக்கூடக் கேட்டு வைக்காமல் இருந்துவிட்டேன்.

இப்போது தினமும் ஏரியிலிருந்து வந்ததும் கால் கழுவித் துடைத்து, தரையில் ஒரு கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கிறேன். காலைச் சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால் என்னை நானே திட்டிக்கொள்வதில்லை, உடம்பில் எங்கே என்ன என்று தேடுகிறேன். எல்லோரும், நானும்தான், என் வாயைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நாட்களில், ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குக் குனிந்து என் காலைப் பார்க்கத் தோன்றியதை நினைக்கும்போது, தனியாகத்தான் இருக்கிறேன் என்றாலும் கேட்பாரற்றவள் இல்லை என்று மனசு கொஞ்சம் ஆறுகிறது.