மாமாவுக்கு வினைச்சொல் கற்பித்த வாரம்

மாத்தளைக்கு அருகே பலாபத்வலப் பக்கம் வீதியோரத்து ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் என் மாமா மிளகுக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் கைட் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. சனிக்கிழமை முதலாளியின் முன்னால் ஒருமுறை செய்துகாட்ட வேண்டும்; பிடித்துப்போனால் வேலை.

அவருடைய ஆங்கிலத்தில் 'கோ', 'கம்' என்று இரண்டே வினைச்சொற்கள். மழை கம், குரங்கு கம். நேற்றைய பஸ்ஸும் கோ, நாளைய பஸ்ஸும் கோ. எனக்கு ஒன்பது வயது. டியூஷனில் முப்பது வினைச்சொற்களை மனப்பாடம் செய்து முடித்த கர்வத்தில் இருந்தேன். மாமாவைத் திருத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

"நான் தலையாட்டினாத்தான் அடுத்த சொல்லு சொல்லணும், சரியா?"

"சரிங்க டீச்சர்."

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ஏலக்காயும் கறுவாவும் என் தலையாட்டலில் ஒருவழியாகத் தேறின. கடைசியில் முடி உதிர்க்கும் களிம்பு. விருந்தாளி ஒருவரின் காலில் கொஞ்சம் பூசி, சற்றுப் பொறுத்துத் துடைத்தால் அந்த இடம் மட்டும் வழுக்கையாகும், எல்லாரும் கைதட்டுவார்கள். மாமா ஒரு நெட்டை வெள்ளைக்காரரின் காலில் பூசினார், பொறுத்தார், துணியை எடுத்தார். "தி ஹேர்..." என்று என்னைப் பார்த்தார்.

போகிறதா, போயிற்றா, போகுமா? டீச்சருக்கே தெரியவில்லை. முப்பது வினைச்சொற்களும் எழுதிய கடதாசியைப் பையிலிருந்து எடுத்து விரித்து மேலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். மாமா காத்திருந்தார். முதலாளி காத்திருந்தார். காலும் காத்திருந்தது.

நான் 'ஈட்'டைத் தாண்டுவதற்குள் "இட் பர்ன்ஸ்!" என்று அந்த மனிதர் துள்ளி எழுந்தார். அந்த எரிச்சலிலும் கடைசி 'எஸ்'ஸை அவர் விடாதது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

குழாயடியில் கழுவியபின் ஒரு சிவந்த வட்டம் மிஞ்சியது. அவர் சிரித்துவிட்டார், முதலாளி சிரிக்கவில்லை.

"துணியக் கையில வச்சிக்கிட்டு என்னத்தடா பாத்துக்கிட்டு நின்ன?"

மாமா என் கடதாசியை மெதுவாக வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பயத்துல கை வெறச்சிப் போச்சு மொதலாளி."

"அப்ப இன்னும் ஆறு மாசம் கன்னுக்குத் தண்ணி ஊத்து."

பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "உங்க கை வெறைக்கவே இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். எதுக்கு மாமா பொய் சொன்னீங்க?"

"தப்புத்தான் டீச்சர்" என்று கடலைச் சுருளை நீட்டினார்.

மாத்தளை வரும்வரை அதைத் தின்றுகொண்டே, இப்படிப் பொய் சொல்கிற ஒருவரோடு இனி எப்படிப் பேசுவது என்று யோசித்தபடி வந்தேன்.